மன்னார்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு, அதற்கொரு ஆர்க்கிடெக்ட்

எங்கள் பக்கத்தில் வீட்டு வரைபடத்துக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. மன்னார்குடியில் 'பிளான், எஸ்டிமேட், அப்ரூவல்' என்று பலகை மாட்டிய அலுவலகம் எதில் நுழைந்தாலும், "வேலையை எங்களிடமே கொடுத்துவிடுங்கள், பிளானுக்குக் காசு வேண்டாம்" என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்து தாத்தா கட்டிய வீட்டைப் பழுதுபார்க்க ஆள் தேடும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடு ஆகவே ஆகாது. வரைபடம் போடுபவரும், கம்பியிலும் சிமெண்டிலும் லாபம் பார்ப்பவரும் ஒருவராகவே இருந்தால், "இந்தச் சுவரை இடிக்க வேண்டாம்" என்று சொல்ல யாருமே இருக்கமாட்டார்கள்.

வீடு பாமணியாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம், பின்கட்டு, கொல்லையில் கிணறு என்று பழைய தஞ்சாவூர் ஜில்லா வீடுகளின் அமைப்பு. முன்கட்டுக்கு நாட்டு ஓடு. பின்கட்டுக்கு மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பால் இறுக்கிய தளம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி எங்கள் பக்கத்தைப் புரட்டிப்போட்டபோது முன்கட்டு ஓட்டில் பாதி போய்விட்டது. சித்தப்பா தகரம் போட்டு மூடினார். பிறகு ஆளாளுக்கு ஒரு தேசத்தில் இருந்ததால் வேலை தள்ளிக்கொண்டே போனது.

முதலில் வந்து பார்த்த பொறியாளர் கூடத்துக்குள் வரவில்லை. திண்ணையில் நின்றபடியே, "இடித்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம் சார். தேக்கை விற்றாலே அஸ்திவாரச் செலவு வந்துவிடும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர்; அவர் தொழில் கற்ற விதம் அது. பெருநகரத்து நிறுவனம் ஒன்று வீட்டைப் பார்க்காமலேயே, நான் அனுப்பிய புகைப்படங்களை வைத்துக் கணினிப் படங்கள் அனுப்பியது. அதில் முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள். பாதிக் கட்டணம் முன்பணமாக வந்தால்தான் ஆள் வருவார் என்றும் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா என்று அந்தப் படத்தை வரைந்தவர் யோசித்திருந்தால் வரைந்திருக்கவே மாட்டார்.

இந்த இடத்தில் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, டெல்லியில் உள்ள கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். ஆனால் வீடு வடிவமைக்கும் வேலையைப் பதிவு இல்லாதவரும் செய்யலாம். தடை அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவதற்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆகவே பொறியாளர் வரைபடம் போடுவதில் குற்றமில்லை. ஆர்க்கிடெக்ட் என்று அட்டை நீட்டுபவரிடம் மட்டும் பதிவு எண்ணைக் கேட்கவேண்டும். சிஏ என்று தொடங்கி, பதிவான ஆண்டும் ஒரு தொடர் எண்ணும் இருக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கமே வேண்டாம். ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் கேட்பதற்கு முன்பே கடிதத் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு அமைந்தவர் தஞ்சாவூரில் சிறிய அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெண். கும்பகோணத்தில் அவர் பழுதுபார்த்த வீட்டில் குடியிருப்பவர்களிடம் பேசிவிட்டுத்தான் அவரை அழைத்தேன். இணையத்தில் இருக்கும் படங்களைவிட, ஒரு மழைக்காலத்தை அந்தக் கூரைக்குக் கீழே கழித்தவர் சொல்வதே நம்பத்தக்கது. வந்து பார்ப்பதற்கு மட்டும் 7,500 ரூபாயும் போக்குவரத்துச் செலவும் கேட்டார். சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "வீட்டைப் பார்க்கவே காசா?" என்றார்.

அந்தக் காலை நேரம் முழுவதும் அவர் செய்ததைப் பார்த்த பிறகு சித்தப்பா அப்படிக் கேட்கவில்லை. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்திருந்தது. அவர் ஒரு சிறு உளியால் பூச்சைச் சுரண்டினார். மேலே சாம்பல் நிறச் சிமெண்டு, அதற்கடியில் பழைய வெள்ளைச் சுண்ணாம்பு. ஏதோ ஒரு கல்யாணத்தின்போது சுவர் அழகாக இருக்கட்டும் என்று சிமெண்டு பூசியிருக்கிறார்கள். "தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும் சார். சிமெண்டு விடாது. ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கிறது. சுவரில் பழுதில்லை, இந்தப் பூச்சை எடுத்தால் போதும்" என்றார். பிறகு ஏணி போட்டு ஏறி, உத்தரம் ஒவ்வொன்றும் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியைக் குத்திப் பார்த்தார். நடுவில் எல்லாமே இரும்பாக நின்றன. மேற்குச் சுவரில் இரண்டு உத்தரங்களின் முனையில் மட்டும் திருப்புளி கைப்பிடிவரை இறங்கிவிட்டது. ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் அங்கேதான் சேர்ந்திருக்கிறது. அந்த இரண்டு முனைகளை மட்டும் வெட்டிவிட்டு, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு நீட்டலாம் என்று குறித்துக்கொண்டார். முழுவதும் இடிக்கச் சொன்ன வீட்டில் கெட்டுப்போனது இரண்டு முழ மரம்.

கட்டணம் பேசும்போது நான் சதவீதம் வேண்டாம் என்றேன். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்பதுதான் பரவலான முறை. ஆனால் பழுதுபார்க்கும் வேலையில், மலிவான வழியைக் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு வருமானம் குறைவது நியாயமில்லை. அவரும் ஒப்புக்கொண்டார். உத்தேச மதிப்பு 45 லட்சம். அதில் 8 சதவீதம் 3,60,000 ரூபாய். அதையே மாறாத தொகையாக எழுதிக்கொண்டோம். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 64,800 ரூபாய். பதிவு வரம்புக்குக் கீழே உள்ள சிறிய அலுவலகங்கள் ஜிஎஸ்டி வசூலிக்க வேண்டியதில்லை; வசூலிப்பவரிடம் ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக் கடிதம் மூன்று பக்கம்தான். முன்பணம் பத்து சதவீதம். பழைய வீட்டுக்கு வரைபடமே இருக்காது என்பதால், இருக்கும் வீட்டை அளந்து வரைவதற்கும் பழுது அறிக்கைக்கும் ஒரு தவணை. யோசனை வரைபடத்துக்கு ஒன்று, வேலைக்கான விவர வரைபடங்களுக்கும், எந்த வேலை எவ்வளவு என்று கணக்கிடும் அளவைப் பட்டியலுக்கும் ஒன்று. மாதம் எத்தனை முறை நேரில் வருவார், அதற்கு மேல் அழைத்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை எழுத்தில் வாங்காமல் விடவே கூடாது. நாம் அங்கே இல்லாத நாட்களில் நம் கண்ணாக இருக்கப்போவது அந்த வருகைகள்தான். அளவைப் பட்டியல் கையில் இருந்ததால், மூன்று மேஸ்திரிகளிடம் ஒரே வேலைக்கு ஒரே கணக்கில் விலை கேட்க முடிந்தது.

மேஸ்திரிகளில் ஒருவர், "பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம் தம்பி" என்றார். எனக்குப் பில் கட்டாயம் வேண்டும். நாளைக்கு வீட்டை விற்க நேர்ந்தால், மேம்பாட்டுக்குச் செய்த செலவை மூலதன ஆதாய வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஆதாரம் இந்தப் பில்கள்தான். ஆர்க்கிடெக்ட் கட்டணத்தையும் மேஸ்திரியின் தொகையையும் என் என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) நேரே அவரவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையான பேநவும் நம் யுபிஐயும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டுவிட்டன; உறவினருக்குச் சிறுதொகை அனுப்ப அது வசதி. இப்படிப்பட்ட பெரிய தவணைக்கு வங்கிப் பரிமாற்றமே சரி. ஊருக்கு வந்துவிட்ட பிறகு, சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ வேலை செய்ததால் ஆட்டோவுக்கும் ஆணிக்கடைக்கும் ரொக்கம் தேடவேண்டியிருக்கவில்லை.

அனுமதி விஷயம் எளிதாகவே முடிந்தது. பூச்சு, தரை, வெள்ளையடிப்பு போன்றவற்றுக்கு அனுமதி தேவையில்லை. பின்பக்கம் புதிதாகக் கட்டும் குளியலறைக்கு மட்டும் இணையவழியில் விண்ணப்பித்தோம். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடச் சித்தப்பாவுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறேன். சிங்கப்பூரில் எழுதும் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்றான அப்போஸ்டில் வாங்கியும் அனுப்பலாம். அப்போஸ்டில் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2021 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எப்படி அனுப்பினாலும், பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடவேண்டும். பத்திரத்தில் பணம் கையாளும் அதிகாரத்தைச் சேர்க்கவில்லை. சித்தப்பாவே அதைத்தான் விரும்பினார்: "கணக்கு உன்னிடமே இருக்கட்டும். சொந்தத்துக்குள் பேச்சு வேண்டாம்."

பூச்சு வேலைக்கு எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவரை ஆர்க்கிடெக்ட்தான் கண்டுபிடித்து அழைத்துவந்தார். சுண்ணாம்பை நீர்த்து ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்துக் குழைக்கும் கணக்கு அவர் கையில் இருக்கிறது. அவரோடு இரண்டு இளைஞர்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் கூலியையும் நானே தருகிறேன். இந்தச் செலவு பட்டியலில் இல்லாதது, மனமாரச் செய்கிறேன்.

கட்டணத்தில் கடைசிப் பத்து சதவீதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை ஆர்க்கிடெக்டே கேட்டு எழுதினார்: ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுவதும் பெய்து முடிந்து, தை பிறந்ததும் அவர் ஒருமுறை வந்து ஓட்டையும் மேற்குச் சுவரையும் பார்ப்பார். ஒழுகல் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அந்த 36,000 ரூபாயை அனுப்பவேண்டும்.