இளமையின் இரைச்சலும் இரண்டு சிலிகான் காதடைப்பான்களும்

பத்தொன்பது வயதில் நான் மிகவும் ரசித்த ராக் கச்சேரியைப் பற்றி யாராவது கேட்டால், அன்று பாடிய பாடல்களைச் சொல்வதற்கு முன்பு, மறுநாள் காலையில் அம்மா பேசியது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதைத்தான் சொல்வேன். ஸ்பீக்கர் அடுக்கிலிருந்து பத்தடி தள்ளி இரண்டரை மணி நேரம் நின்றிருந்தேன். காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோன்ற ரீங்காரம் இரண்டு நாள் நீடித்தது; அது அடங்கியபோதுதான் கச்சேரி முடிந்தது என்று சற்று வருத்தமாகக்கூட இருந்தது. நண்பர்களிடையே அந்த ரீங்காரம், கிழித்த நுழைவுச்சீட்டின் மீதித் துண்டைப்போல, போய்வந்ததற்கான சான்றாகவே மதிக்கப்பட்டது.

அதே குழு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் மேடையேறுகிறது என்று தெரிந்ததும், இசை கேட்பதற்கென்றே தயாரிக்கப்படும் சிலிகான் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கினேன். விரலால் உருட்டிச் செருகும் சாதாரண நுரை அடைப்பான், கீழ் ஸ்தாயி ஒலிகளைவிட மேல் ஸ்தாயி ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடுவதால், பாடகரும் டிரம்ஸின் சிம்பல் தட்டுகளும் போர்வைக்கு அடியில் போய்விட, பேஸ் கிட்டாரின் உறுமல் மட்டுமே மிஞ்சும். இந்த வகையில் தண்டுக்குள் இருக்கும் சிறிய வடிகட்டி எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிறது. என்னுடையது 15 டெசிபல் குறைப்பது.

15 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அரங்கின் நடுவில் என் கைபேசியின் ஒலிமானி 103 காட்டியது. அந்த அளவில் வெறுங்காதுக்குக் கிடைப்பது ஏழரை நிமிடம். 15 குறைந்து 88 ஆனால் 4 மணி நேரம். அடைப்பான் காதில் சரியாகப் பொருந்தியிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழு 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் எட்டியதை கின்னஸ் சாதனையாகப் பதிவுசெய்தது. பின்னர் அந்தப் பிரிவையே கைவிட்டது. அக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தமது செவித்திறன் இழப்பைப் பற்றிப் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

காப்பு ஒருபுறம் இருக்க, எனக்கு வியப்பளித்தது வேறு. மூன்றாவது பாடலில் கிட்டார் ஓயும் இடத்தில் பேஸ் கிட்டார் தனியாக நான்கு சுரங்கள் இறங்கி வந்து டிரம்ஸோடு சேர்கிறது. நான் நூறு முறையாவது கேட்டிருக்கும் பாடல். ஆனால் மேடையில் அந்த இறக்கத்தை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். பழைய கச்சேரியில் இரண்டாம் கிட்டார் பாதி நேரம் ஒலிக்கவே இல்லை என்று கூடவந்த நண்பன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னபோது நான் நம்பவில்லை; இப்போது நம்புகிறேன். அன்று நாங்கள் கேட்டதில் இசை பாதி, வெறும் சத்தம் பாதி. டிரம்ஸின் உதை நெஞ்சுக்கூட்டில் இறங்குவது மட்டும் அன்றுபோலவே இருந்தது, ஏனெனில் அதைக் காதடைப்பான் தடுப்பதில்லை.

குறைகள் உண்டு. கூடவே பாடினால் சொந்தக் குரல் மண்டைக்குள் குடத்தில் பேசியதுபோல் முழங்குகிறது. இரண்டு வரிகளுக்குப் பிறகு வாயசைப்போடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் மணி நேரத்தில் காதில் அரிப்பு தொடங்கிவிடுகிறது. தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அருகில் ஒருவர் கையைத் தூக்கியபோது வலப்பக்கத்து அடைப்பான் தெறித்து விழுந்தது. ஒளி ஊடுருவும் சிலிகானை இருட்டில் தேடி எடுப்பதற்குள் ஒரு பாடல் போய்விட்டது. வண்ணத்தில் கிடைத்தால் வண்ணத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய மனக்குறை, கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து குறைந்துவிடுவதுதான். ஆயிரக்கணக்கானோர் ஒரே வரியைப் பாடும்போது, நான் மட்டும் சன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது.

ஆகவே கடைசிப் பாடலுக்கு வலது காதிலிருந்ததைக் கழற்றினேன். ஏழரை நிமிடக் கணக்கு நினைவில் இருந்தது; பாடல் ஆறு நிமிடம்தான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் இடது காது தெளிவாக இருந்தது. வலது காதில் அந்தப் பழைய சில்வண்டு, நண்பகல் வரை.