ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: அந்த கம்ப்ரஷன் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்

பிரிட்டனில் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், டீலருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மிட்லண்ட்ஸ் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே விற்கும் ஒரு டீலர், செத்துக்கொண்டிருந்த இன்ஜினை 'டெஸ்ட் பண்ணிப் பாஸான இன்ஜின்' என்று காகிதம் காட்டி என் தலையில் கட்டினார். பெயரைப் போடப் போவதில்லை. அவர் செய்த வித்தையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் வித்தையைத்தான் சொல்ல வேண்டும்.

விளம்பரத்தில் கார் அருமையாக இருந்தது. 231 குதிரைசக்தி மாடல், ஆறு கியர், 2006 தொடக்கத்தில் பதிவானது. அந்த வருடம் மார்ச் 23-க்கு முன் பதிவானதா பின் பதிவானதா என்பது ஆர்எக்ஸ்-8-இல் பெரிய விஷயம். பின் என்றால் இந்த மாடலுக்கு வருட சாலை வரி மட்டும் எழுநூறு பவுண்டைத் தாண்டிவிடும். இது முன். விலை 3,200 பவுண்டு. எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், பார்த்தேன். மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருந்தது, பின்சக்கர வளைவில் லேசான துரு என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் எம்ஓடியில் கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்பதை, பார்க்க மாட்டார்கள். இந்தக் காரில் உயிர் இருக்கிறதா இல்லையா என்பதைக் கம்ப்ரஷன்தான் சொல்லும்.

தெரியாதவர்களுக்காக: ஆர்எக்ஸ்-8-இல் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் சுழலும் இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி; அதனால்தான் இதை ரோட்டரி இன்ஜின் என்கிறோம். முக்கோணத்தின் மூன்று நுனியிலும் ஏபெக்ஸ் சீல் என்று மெல்லிய உலோகப் பட்டை இருக்கும். அது தேய்ந்தால் அழுத்தம் பக்கத்து அறைக்குக் கசியும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், ஆக மொத்தம் ஆறு அறை. எனவே கம்ப்ரஷன் ரிப்போர்ட் என்றால் அதில் ஆறு எண்கள் இருக்க வேண்டும். கூடவே, எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இன்ஜினைச் சுற்றவிட்டு அளந்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் வேகமாகச் சுற்றினால் எண்ணும் ஏறும் என்பதால், எல்லாவற்றையும் 250 ஆர்பிஎம் கணக்குக்கு மாற்றித்தான் ஒப்பிடுவார்கள். மாஸ்டா சொல்லும் குறைந்தபட்சம் 6.8 பார், அதாவது அழுத்தத்தின் இன்னொரு அலகில் ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

டீலர் காட்டிய காகிதத்தில் இரண்டே எண்கள். முன் ரோட்டர் 115, பின் ரோட்டர் 108 பிஎஸ்ஐ. கீழே 'குட்' என்று எழுதி ஒரு கேரேஜ் முத்திரை. ஆர்பிஎம் எங்கே என்றேன். "ஸ்டாண்டர்ட் டெஸ்ட்தான், இரண்டுமே நூறுக்கு மேல், அப்புறம் என்ன?" என்றார். எண்கள் பொய்யில்லை என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். சாதாரண பிஸ்டன் காருக்கான அழுத்தமானியை (கேஜ்) மாட்டினால், அதில் உள்ள ஒருவழி வால்வு உச்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று முகத்தில் எது நன்றாக இருக்கிறதோ அது மட்டும் முள்ளில் தெரியும். மற்ற இரண்டும் படுத்துக் கிடந்தாலும் காகிதத்தில் அழகான ஒற்றை எண் வரும்.

ஓட்டிப் பார்க்கப் போனபோது கார் குளிர்ந்துதான் இருந்தது. ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. சாலையில் எந்தக் குறையும் இல்லை. முள் ஒன்பதாயிரத்தை நோக்கிப் போகும்போது எழும் அந்தச் சத்தத்துக்காகத்தானே இந்தக் காரை வாங்குகிறோம். திரும்பி வந்து சாவியில் கை வைத்தேன், பக்கத்து சீட்டிலிருந்து டக்கென்று கையை நீட்டினார். "அணைக்காதீர்கள், ரோட்டரி சட்டென்று அணைத்தால் பெட்ரோல் தேங்கி ஃப்ளட் ஆகிவிடும், நானே உள்ளே கொண்டுபோய் நிறுத்துகிறேன்." இதில் பாதி உண்மை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடாகும் முன்பே அணைத்தால்தான் அந்தப் பிரச்சினை. நன்றாக ஓடி வந்த காருக்கு அது பொருந்தாது. வாங்குபவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும் ஒரு உண்மையை எடுத்து அவர் கண்ணிலேயே தூவுகிற ஆள்.

அவர் மறைத்தது இதைத்தான்: கம்ப்ரஷன் போன ரோட்டரி, குளிரில் ஸ்டார்ட் ஆகும், சூட்டில் ஆகாது.

இது தெரியாமல் காரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார்வே சர்வீஸில் டீ குடிக்க நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் விர்ரென்று சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. பெட்ரோல் வாசம் வேறு. அழைத்து வந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஸ்டார்ட்டர் மோட்டார் புத்தம் புதுசு, அதிவேக வகை" என்றார். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத ஆர்எக்ஸ்-8-ஐ இன்னும் சில மாதம் ஓட்ட இதை மாட்டுவது வழக்கம். சீல் தேய்ந்தது தேய்ந்ததுதான், வேகமாகச் சுற்றுவதால் தற்காலிகமாகப் பிடிக்கும். இதற்கே மசியவில்லை என்றால் உள்ளே நிலைமை எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் 115 வந்த ரகசியத்தில் ஒரு பங்கு இந்த ஸ்டார்ட்டருக்கும் உண்டு.

ரோட்டரி மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறையில், இன்ஜின் சூடாக இருக்கும்போது அதற்கான கருவியில் அளந்தார்கள். 250 ஆர்பிஎம் கணக்கில் முன் ரோட்டர் 6.1, 6.2, 7.4. பின் ரோட்டர் 5.3, 5.5, 6.9. ஆறில் நான்கு ஃபெயில். ஒவ்வொரு ரோட்டரிலும் இரண்டு எண் தாழ்ந்து ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால், அந்த இரண்டு முகத்துக்கும் நடுவில் உள்ள சீல் போயிருக்கலாம் என்று பட்டறைக்காரர் விளக்கினார். இன்ஜினைப் பிரித்துக் கட்ட அவர் சொன்ன தொகை, நான் கொடுத்த விலையைவிட அதிகம். பெட்ரோலை எரிக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும் பழசு. விளம்பரத்தில் அதைப் புதுசு என்று போட்டிருந்தார்கள். இது சில்லறைப் பொய் இல்லை. காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை அடைக்கும், அந்தச் சூடு திரும்ப வந்து சீலைத் தின்னும்.

டீலரைக் கூப்பிட்டால், "ரோட்டரி என்றால் இப்படித்தான், ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று போட்டுத்தானே கையெழுத்து வாங்கினோம்" என்று கையை விரித்தார். அந்த வரியைப் பார்த்துப் பலர் பேசாமல் போய்விடுகிறார்கள், அதற்காகவே எழுதி வைக்கிறார்கள். தொழிலாக விற்கும் டீலரிடம் சாதாரண நுகர்வோர் வாங்கினால் அந்த வரிக்கு மதிப்பே கிடையாது. 2015 நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, விற்கும்போதே குறை இருந்த பொருளை 30 நாளுக்குள் நிராகரித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். போனில் சண்டை போட்டு நாளைக் கடத்த வேண்டாம். 'நிராகரிக்கிறேன்' என்ற சொல்லையே போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், காரை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்னஞ்சலுக்கு அவர் பதிலே போடவில்லை. முன்பணம் 200 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன், அதுதான் கைகொடுத்தது. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவில், பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்து, ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் கூட்டுப் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது கிடையாது. விளம்பரத்தின் படம், அவருடைய இரண்டு எண் காகிதம், பட்டறையின் ஆறு எண் ரிப்போர்ட், மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். நிறைய இழுத்தடித்துவிட்டு காரின் விலையையும் டெஸ்ட் செலவையும் கொடுத்தார்கள். இன்ஷூரன்ஸை ரத்து செய்த கட்டணம் போனது போனதுதான்.

டீலர் காரை எடுத்துப் போய்விட்டார். இப்போது அதே கார் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, 'கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யப்பட்டது' என்ற அதே வாசகத்தோடு, விலை முன்னூறு பவுண்டு கூட. சாம்பல் நிறம், சிவப்பு-கறுப்பு தோல் சீட், வலது பின்சக்கர வளைவில் துரு. பார்க்கப் போகிறவர்கள் நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஃப்ளட் ஆகிவிடும் என்று அவர் கையை நீட்டினால் இறங்கி வந்துவிடுங்கள்.