லெகோ கேம் பாயை விளையாடும் கருவியாக மாற்றிய பிறகு: ஒரு நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

லெகோ கட்டைகளால் ஆன கேம் பாய்க்குள் மின்னணு உறுப்புகளை வைத்து, உண்மையிலேயே விளையாடும்படி மாற்றியிருக்கிறேன். "ஓடுகிறதா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஓடுகிறது. அதில் வியக்க ஒன்றுமில்லை. கேம் பாய் என்பது 1989-இல் வெளிவந்த நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி; அதன் வேலையைச் செய்ய, இன்றைக்கு இரண்டு விரல் அகல மின்னணுப் போர்டு ஒன்று தாராளமாகப் போதும். செய்து முடித்த அன்றே படம் எடுத்து நான்கு பேரிடம் காட்டிவிடலாம். ஆனால் மாதக்கணக்கில் கையில் வைத்து விளையாடும்போதுதான் வேறொரு கேள்வி எழுகிறது. பிரித்து மறுபடி கோப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட கட்டைகள், கட்டைவிரலின் ஓயாத அழுத்தத்தை எவ்வளவு காலம் தாங்கும்? நான் எழுத வந்தது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

செட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். லெகோவும் நின்டெண்டோவும் சேர்ந்து 2025 அக்டோபர் 1 அன்று வெளியிட்ட, 72046 என்ற எண்ணுள்ள செட் இது. மொத்தம் 421 துண்டுகள். கட்டி முடித்தால் அசல் கேம் பாயின் அளவுக்கு மிக நெருக்கமாக வரும். பொத்தான்களை அழுத்தலாம், ஒலிக்கும் கான்ட்ராஸ்டுக்குமான பக்கவாட்டுச் சக்கரங்களைத் திருப்பலாம். 'சூப்பர் மாரியோ லேண்ட்', 'லிங்க்ஸ் அவேக்கனிங்' என இரண்டு ஆட்டங்களின் கார்ட்ரிட்ஜ்களும் (ஆட்டம் அடங்கிய, கருவியில் செருகும் பேழைகள்) கட்டை வடிவில் உண்டு. திரை இருக்க வேண்டிய இடத்தில், சாய்த்துப் பார்த்தால் காட்சி மாறும் அட்டை இருக்கிறது. உள்ளே மின்சாரத்துக்கு வேலையே இல்லை. அலமாரியில் நிற்பதற்கென்று செய்த பொருள், அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. அதை வேறு வேலைக்கு இழுப்பது நம் ஆசை, ஆகவே பின்னால் வரும் சங்கடங்களும் நம்முடையவைதான்.

மாற்றியமைக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பழைய கேம் பாயின் உண்மையான சிப்பை எடுத்து, அதற்கேற்ற சிறு போர்டு வடிவமைத்து உள்ளே வைப்பது. செட் வெளிவந்த சமயத்திலேயே ஒருவர் இப்படிச் செய்து, அசல் கார்ட்ரிட்ஜையே போட்டு விளையாடிக் காட்டிவிட்டார். கருவியை இயக்கியதும் விளையாட்டு வந்துவிடும். இந்த வழியின் பெரிய சுகம் அது. ஆனால் சிப்புக்காக, நன்றாக இயங்கும் பழைய கருவி ஒன்றைக் குடல் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இரண்டாவது வழியில் போனேன்: ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் போர்டு, அதில் எமுலேட்டர், அதாவது பழைய கருவியைப்போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். அசல் கருவி 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 8 கிலோபைட் நினைவகத்துடன் ஓடியது. இந்தப் போர்டில் ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நான்கு கோர்களும் 512 மெகாபைட் நினைவகமும் இருக்கின்றன. வலிமைக்குக் குறைவே இல்லை. இடத்துக்குத்தான் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தைப் புரிந்துகொள்ள ஓர் அளவு போதும். லெகோ கட்டையின் மேல் புடைத்திருக்கும் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. எட்டுக் குமிழ் நீளம் என்றால் 64 மி.மீ. போர்டின் நீளமோ 65 மி.மீ. ஒரே ஒரு மில்லிமீட்டருக்காக ஒன்பதாவது குமிழ் வரிசையைக் காலிசெய்ய வேண்டும், அந்த வரிசையில்தான் சுவரைத் தாங்கும் துண்டு இருக்கும். கட்டைகளை வெட்டாமல் செய்வேன் என்று சபதம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சபதத்தைக் கைவிடுகிறார்கள். எனக்கு அப்படி ஒரு சபதமே இல்லை, உட்புறத் துண்டுகளைத் தயங்காமல் வெட்டினேன். வெளியே தெரியும் பரப்பு எதையும் தொடவில்லை, கழற்றினால் பழைய காட்சிப் பொருளாகவே திரும்பிவிடும்.

இனிப் பொத்தான்கள். சொல்லப்போனால் மொத்த அனுபவமும் இங்கேதான் தீர்மானமாகிறது.

லெகோ கட்டைகளின் பிடிப்பு ஒரு திசையில் மட்டுமே உறுதியானது. மேலிருந்து அழுத்தினால் இறுகும். விளிம்பைப் பிடித்து நெம்பினால் சட்டென்று கழன்றுவிடும், கழல வேண்டும் என்றுதான் அந்த வடிவமே. கையடக்கக் கருவியில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. கட்டைவிரல்கள் முன்புறத்தை அழுத்துகின்றன, மற்ற விரல்கள் பின்புறத்தைத் தாங்குகின்றன, உள்ளங்கை விளிம்புகளை நெரிக்கிறது. ஆட்டம் சூடுபிடிக்கும்போது கருவியை முறுக்கிப் பிடிக்காத ஆளே கிடையாது. முதல் சில வாரங்கள் கழிந்ததும் முன்முகப்புக்கும் உடலுக்கும் நடுவே முடியளவு இடைவெளி தெரிய ஆரம்பித்தது. அழுத்திவிட்டால் மூடிக்கொள்ளும், இரண்டு ஆட்டத்தில் மறுபடி திறக்கும். பசை போடலாம் என்று பலர் சொன்னார்கள். சயனோஅக்ரிலேட் எனும் உடனடிப் பசையின் ஆவி அடர்நிறத் துண்டுகளில் வெள்ளைப் பூச்சுபோலப் படியும், சூட்டுப்பசையோ வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலிருந்து ஏடு ஏடாக உரிந்துவிடும். கடைசியில் பயன் தந்தது லெகோவின் சொந்தச் சரக்குதான். முன்புறத்திலிருந்து பின்புறம்வரை ஊடுருவிச் செல்லும் டெக்னிக் அச்சுகளை (லெகோவின் டெக்னிக் வரிசையில் வரும் நீளக் குச்சிகள்) நான்கு மூலைகளிலும் கொடுத்து இறுக்கினேன். குமிழ்ப் பிடிப்பு தாங்கிய சுமையை அச்சு தாங்க ஆரம்பித்தது, இடைவெளி திரும்பவில்லை.

அடுத்தது, பொத்தானுக்கு அடியில் என்ன வைப்பது என்பது. சிறிய டாக்ட் சுவிட்ச் (அழுத்தினால் 'டிக்' என்னும் குட்டிப் பொத்தான்) மலிவானது, பற்றவைப்பதும் எளிது. ஆனால் அது உள்ளே போகும் தூரம் கால் மில்லிமீட்டர் அளவுதான். மேலே இருக்கும் கட்டைப் பொத்தானுக்கோ அதைவிட அதிக ஆட்டம் இருக்கிறது. விளைவு: முதலில் ஒரு தொளதொளப்பு, பிறகு ஒரு 'டிக்'. அமைதியான அறையில் விளையாடினால் அடுத்த அறையில் இருப்பவருக்குத் தட்டச்சு செய்வதுபோல் கேட்கும். சில மாதங்கள் அப்படியே ஓட்டிவிட்டு, கரிப் பூச்சுள்ள சிலிகான் ரப்பர் மெத்தைக்கு மாறினேன். பழைய கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களுக்காக அவை தனியாகவே கிடைக்கின்றன. கட்டைப் பொத்தானின் அடிப்பகுதியைச் சிறிது தட்டையாக்க வேண்டியிருந்தது. பலன் பெரிது: சத்தம் நின்றது, விரல் வலி குறைந்தது. இந்த வேலையில் நான் செய்த மாற்றங்களில் எது உருப்படியானது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

திசைப் பொத்தானுக்கு இதுவும் போதாது. அசல் கருவியில் அந்தச் சிலுவையின் நடுவே அடியில் ஒரு சிறு முனை உண்டு. சிலுவை அதன்மேல் சாய்ந்தாடும், இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்த வாய்ப்பில்லை. நடுமுனை இல்லாத சிலுவை மொத்தமாகக் கீழே இறங்கிவிடுகிறது. மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாடினால் இதன் கொடுமை உடனே புரியும். துண்டை இடப்புறம் நகர்த்த அழுத்துகிறோம், கூடவே 'கீழ்' பொத்தானும் பட்டுவிடுகிறது, துண்டு சரசரவென்று இறங்கி வேண்டாத இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. சிலுவையின் நடுவில் ஒரு வட்டக் குமிழ்த் துண்டை முட்டுக் கொடுத்த பிறகு நிலைமை மாறியது. இன்றும் மிக வேகமான ஆட்டங்களில் அசலின் துல்லியம் வருவதில்லை. நிதானமாக நடந்து திரியும் ஆட்டங்களில் வித்தியாசமே தெரியாது.

திரை விஷயத்தில் கணக்குப் போடாமல் வாங்குபவர்கள் பிறகு வருந்துவார்கள். கேம் பாயின் படம் 160 × 144 பிக்சல், நான்கே சாயல்கள். எளிதில் கிடைக்கும் சிறு திரைகள் 320 × 240. அகலத்தை இரட்டித்தால் 320 சரியாகப் பொருந்தும், உயரம் 288 ஆகிவிடும், இடமில்லை. ஒன்றரை மடங்காக்கினால் 240 × 216 பொருந்தும். ஆனால் ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலாக எப்படி வரைவது? ஒன்று பருத்தும் மற்றொன்று மெலிந்தும் போகும், அல்லது எல்லாம் மங்கலாகும். எழுத்துகளில் இது அப்பட்டமாகத் தெரியும். வேகமும் இடிக்கிறது. அந்த அளவுப் படத்தை 16 பிட் நிறத்தில், அசலைப்போல நொடிக்கு 59.7 முறை அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 5 கோடி பிட் தேவை. எஸ்.பி.ஐ. எனப்படும், பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும் இணைப்புள்ள திரைக்கு அது மூச்சுமுட்டும் வேலை. மாறிய பிக்சல்களை மட்டும் அனுப்பும் இயக்கி மென்பொருள் கைகொடுக்கிறது, ஆனால் மாரியோ ஓடும்போது முழுத்திரையும் நகர்கிறதே, அங்கே படம் கிழிந்ததுபோல் ஒரு கோடு அவ்வப்போது தோன்றும்.

இப்போது இருப்பது 640 × 480 திரை. மும்மடங்காக்கினால் 480 × 432, பிக்சல் ஒவ்வொன்றும் கச்சிதமான சதுரம். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. விலையாகக் கொடுத்தது, போர்டின் இணைப்பு ஊசிகளை. இணையாகத் தரவு வாங்கும் இத்திரை அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொள்வதால், எட்டுப் பொத்தான்களையும் படிக்கச் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே வேலைக்கான குட்டிக் கணினிச் சிப்) ஒன்றை யு.எஸ்.பி. வழியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒலியும் அந்த வழியிலேயே வருகிறது. உள்ளே ஒயர்க் காடு. மறுபடி மூடுவதற்குள் பொறுமை போய்விடும் என்பதால் அவசியமில்லாமல் திறப்பதில்லை.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய ஸ்பீக்கர் போதும். கட்டைகள் அதிர்ந்து கிணுகிணுக்கும், ஸ்பீக்கரைச் சுற்றி மெல்லிய நுரைநாடா ஒட்டினால் அடங்கும். பக்கவாட்டு ஒலிச் சக்கரத்தின் அச்சில், திருப்பும் அளவைக் கண்டறியும் சுழல் உணரி ஒன்றைக் கோத்து உண்மையிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கும்படி செய்திருக்கிறேன். தேவையே இல்லாத வேலை. ஆனால் கருவியைக் கையில் வாங்கும் எவரும் முதலில் சிரிப்பது அதைத் திருப்பும்போதுதான்.

பேட்டரியில் மட்டும் விளையாட்டு கூடாது. அசல் கருவி நான்கு ஏ.ஏ. பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்குமேல் அனாயாசமாக ஓடும். 1200 மில்லியாம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரியில் என்னுடையது இரண்டரை மணி நேரத்தைத் தொட்டால் அதிகம். 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்துவதிலேயே கொஞ்சம் வீணாகிறது. இன்னும் முக்கியமானது சூடு. காற்று போக வழியில்லாத கட்டைப் பெட்டிக்குள் போர்டு கொதிக்கிறது. கட்டை உருகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் நூறு டிகிரியை ஒட்டித்தான் இளகும், போர்டு அதற்கு முன்பே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதிக்கப்படுவது பேட்டரி. 45 டிகிரிக்குமேல் அதைச் சார்ஜ் செய்வது ஆயுளைக் கெடுக்கும், ஆபத்தும்கூட. எனவே போர்டு மேற்பாதியில், பேட்டரி கீழ்ப்பாதியில், நடுவே ஒரு கட்டைச் சுவர். எமுலேட்டருக்கு ஒரு கோர் போதும் என்பதால் மற்ற கோர்களை நிறுத்திவிட்டேன், கம்பியில்லா இணைப்பையும் அணைத்துவிட்டேன். சூடு கண்கூடாகக் குறைந்தது. வெட்டிய கட்டையின் கூரான பிசிறு எதுவும் பேட்டரி உறையில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகப்படியான மின்னேற்றத்தையும் குறுக்குச்சுற்றையும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று இல்லாத பேட்டரியை இதற்குள் வைக்கவே கூடாது.

நீண்ட நாள் பயன்பாட்டில் மட்டும் தெரியவரும் இன்னொன்று, அணைக்கும் பழக்கம். அசல் கருவியில் சுவிட்சைத் தள்ளினால் முடிந்தது. 'லிங்க்ஸ் அவேக்கனிங்' தன் சேமிப்பைக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறு பேட்டரியின் தயவில் காத்துக்கொள்ளும், 'சூப்பர் மாரியோ லேண்ட்' சேமிப்பதே இல்லை. இரண்டுக்கும் திடீர் அணைப்பால் கவலையில்லை. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் போர்டில் திடீரென மின்சாரத்தைப் பிடுங்கினால் மெமரி கார்டு பழுதாகலாம். அதோடு எமுலேட்டர் பல நேரம் ஆட்டத்தை விட்டு வெளியேறும்போதுதான் சேமிப்பைக் கார்டில் எழுதும். அடிக்கடி எழுதும்படி அமைப்பை மாற்றியிருக்கிறேன், இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டியிருக்கிறேன், சுவிட்ச் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்காமல் 'மூடு' என்று கட்டளை மட்டும் அனுப்புகிறது. எல்லாம் செய்தாலும், இயக்கிய பிறகு ஆட்டம் வரும்வரை காத்திருக்கும் நேரம் மிச்சமிருக்கிறது. ஐந்து நிமிட ஓய்வில் ஓர் ஆட்டம் போடலாம் என்று எடுப்பவரை அந்தக் காத்திருப்பு மெல்ல மெல்ல விலக்கிவிடும். நானே இப்போது நிதானமாக உட்காரும் மாலைகளில்தான் இதை எடுக்கிறேன்.

ஆட்டக் கோப்புகளை நான் வைத்திருக்கும் கார்ட்ரிட்ஜ்களிலிருந்து படியெடுத்துக்கொண்டேன், அதற்கான கருவிகள் இருக்கின்றன. இன்றும் கேம் பாய்க்காகப் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் ஆர்வலர்களின் ஆட்டங்களும் உண்டு, அவற்றில் சில நன்றாகவே இருக்கின்றன.

யாருக்கு இது? விளையாடுவதுதான் நோக்கம் என்றால், உருவாக்கி விற்கப்படும் சிறு எமுலேட்டர் கருவி எதை வாங்கினாலும் இதைவிட வேகமாகத் தொடங்கும், நீண்ட நேரம் ஓடும், கையில் உறுத்தாது. பற்றவைக்கும் கோல் பிடித்துப் பழகாதவர்கள், லித்தியம் பேட்டரி அவசியமில்லாத வேலை ஒன்றில் கைபழகிவிட்டு வரலாம், அல்லது செட்டைப் பிரித்து அப்படியே செருகும்படி தயாராக வரும் தொகுப்புகளைப் பார்க்கலாம். கட்டை கட்டுவதிலும் மின்னணு வேலையிலும் சம அளவு பித்து உள்ளவர்கள் தாராளமாக இறங்கலாம். அவர்களுக்கு என் பரிந்துரை: திரைக்கும் போர்டுக்கும் முன்பு பொத்தான்களையும் உடலின் இறுக்கத்தையும் முடித்துவிடுங்கள், மின்சாரமே இல்லாமல் ஒரு வாரம் வெறுமனே அழுத்திப் பாருங்கள். அதில் கழலாத உடல் பிறகும் கழலாது. என்னுடையதில் அடுத்து மாற்றப்போவது போர்டைத்தான். இயக்கியதும் உடனே ஆட்டம் தொடங்கும் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றில் எமுலேட்டரை ஓட்டிப் பார்க்கிறேன். அது சரிவந்தால் பேட்டரி நேரமும் கூடும், அந்த ஒன்பதாவது குமிழ் வரிசையும் திரும்பக் கிடைக்கும்.