ஏலத் தளத்தில் விதி மீறும் விற்பனையாளர்: எந்த வழியில் புகார் செய்வது?

இணைய ஏலத் தளத்தில் ஒருவர் விதியை மீறி விற்கிறார் என்று தெரிந்தவுடன் பலரும் அவரது கணக்கில் எதிர்மறைப் பின்னூட்டம் எழுதவோ, ஏலம் கேட்கும் மற்றவர்களைத் தனிச்செய்தியில் எச்சரிக்கவோ முனைகிறார்கள். பொருளின் பக்கத்திலேயே இருக்கும் புகார் இணைப்பை, பதில் வராது என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். ஏலம் முடிவதற்குள் ஏதேனும் நடக்க வேண்டுமானால் அந்த இணைப்புதான் முதல் வழி என்பது என் உறுதியான கருத்து.

விற்பவரே வேறு பெயரில் நுழைந்தோ, ஆள் வைத்தோ விலையை ஏற்றிவிடும் மோசடியை எடுத்துக்கொள்வோம். 2000 மே மாதத்தில் இபே (eBay) என்னும் ஏலத் தளத்தில் ஓர் ஓவியத்துக்கு ஏலத்தில் கேட்கப்பட்ட விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்றவரே மற்றொரு கணக்கிலிருந்து கேட்டிருந்தது வெளிப்பட்டதும் தளம் அந்த விற்பனையை ரத்து செய்தது. இத்தகைய மோசடியின் தடயம் ஏல வரலாற்றிலேயே கிடைக்கும். இபேயில் ஏலம் கேட்டவரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், அவருடைய முப்பது நாள் சுருக்கத்தில், கேட்டவற்றுள் எத்தனை விழுக்காடு இதே விற்பனையாளரிடம் என்பதும், எத்தனை முறை தாம் கேட்ட விலையைத் திரும்பப் பெற்றார் என்பதும் தெரியும். பின்னூட்டமே இல்லாத ஒரு கணக்கு ஒரே விற்பனையாளரிடம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருபோதும் வெல்லாமல் விலகுமானால் ஐயத்துக்கு இடமுண்டு. "இவர் ஏமாற்றுக்காரர்" என்று பொதுவாக எழுதுவதைவிட, பொருள் எண்களையும் இந்த விவரங்களையும் சேர்த்து, சரியான புகார் வகையைத் தேர்ந்து அனுப்பும் புகாரே பரிசீலிப்பவரின் கையில் எதையாவது கொடுக்கிறது.

பின்னூட்டத்துக்கு அந்த வலிமை இல்லை. அதை வாங்கியவர் மட்டுமே எழுத முடியும். அதாவது ஒருவர் ஏமாந்த பிறகே எழுத முடியும். தனிச்செய்தி எச்சரிக்கை இன்னும் மோசமானது. பிறருடைய பரிவர்த்தனையில் தலையிடுவதை இபே தடை செய்திருப்பதால், நல்லெண்ணத்தோடு எச்சரித்தவரின் கணக்கே சிக்கலுக்கு உள்ளாகலாம்.

பணம் கட்டியாகிவிட்டது என்றால் நிலைமை வேறு. அப்போது புகார் இணைப்பை நம்பியிருப்பதில் பொருளில்லை. தளத்தின் வாங்குவோர் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பணத்தைத் திரும்பக் கேட்டுக் கோரிக்கை எழுப்புவதே முதல் வேலை. அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், "இன்று அனுப்புகிறேன், நாளை அனுப்புகிறேன்" என்னும் விற்பனையாளரின் சமாதானத்தை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

போலிப் பொருள்களைப் பொறுத்தவரை வணிகக் குறியின் உரிமையாளரிடம் தெரிவிப்பது பெரும்பாலும் விரைவில் பலன் தரும். நகை நிறுவனமான டிஃபனி இபே மீது தொடுத்த வழக்கில், தளத்தைப் பொறுப்பாக்க, போலிகள் விற்கப்படுகின்றன என்ற பொதுவான அறிவு அதற்கு இருந்தால் போதாது, குறிப்பிட்ட விற்பனைப் பட்டியல்களைப் பற்றிய அறிவு வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. உரிமையாளர் பொருள் எண்ணைச் சுட்டிக்காட்டி அனுப்பும் அறிவிப்பைத் தளம் எளிதில் புறக்கணிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

பதில் வராது என்ற மனக்குறையும் முழுக்க நியாயமற்றதல்ல. விற்பனையாளர் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைத் தளங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி, சட்டவிரோதப் பட்டியல் பற்றித் தொடர்பு விவரத்தோடு புகார் கொடுத்தவருக்கு முடிவைத் தெரிவித்தாக வேண்டும். மற்ற இடங்களிலும் இத்தகைய கடமை வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

இழந்த தொகை பெரிது, விற்பனையாளரும் கணக்கை மூடிவிட்டு மறைந்துவிட்டார் என்றால் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்குப் போகத்தான் வேண்டும். அங்கே கொடுப்பதற்காக, எந்த வழியில் புகார் செய்வதாக இருந்தாலும், முதலிலேயே பட்டியல் பக்கம், ஏல வரலாறு, பணம் கட்டிய ரசீது, தளத்துக்குள் நடந்த உரையாடல் ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தளம் பட்டியலை நீக்கிய பிறகு அவற்றை நம்மால் பார்க்க முடியாமல் போகலாம்.