சாலிஸ்பரி போகிறீர்களா? கார் பார்க்கில் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணாதீர்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கோடையில் வரவழைத்து, சனி ஞாயிறில் எங்காவது கூட்டிக்கொண்டு போகிற எல்லோருக்கும் இது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன். சுருக்கமாகச் சொன்னால் "க்யூஆர் கோடு மோசடிதானே, தெரியுமே" என்று தாண்டிப் போய்விடுவீர்கள். எனக்கும் தெரியும். ஆபீசில் வருஷா வருஷம் இதைப் பற்றி ஆன்லைன் ட்ரெயினிங் எடுத்து, கடைசியில் வரும் பத்துக் கேள்விக்கும் சரியாக டிக் அடித்தவள்தான் நான்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ரெடிங்கிலிருந்து, பெரிய தேவாலயம் இருக்கிற சாலிஸ்பரிக்குக் காரில் கிளம்பினோம். வீட்டுக்காரருக்கு அன்று டியூட்டி, அதனால் நான், அப்பா, அம்மா மூன்று பேர் மட்டும். தேவாலயக் கோபுரத்தில் ஏறிப் பார்க்க எனக்கும் அப்பாவுக்கும் 11:15க்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி, 332 படி என்றதுமே "நீங்க போயிட்டு வாங்க, நான் கீழ உக்காந்து சாமி கும்பிடறேன்" என்று சொல்லிவிட்டாள். வழியில் ஏ303 நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல். ஊருக்குள் நுழையும்போதே 10:45. சனிக்கிழமை அங்கே சந்தை நாள் என்பது எனக்கு நினைவே இல்லை (செவ்வாயும் சனியும் சந்தை, 1227லிருந்து நடக்கிறதாம்). முதல் கார் பார்க் நிரம்பி வழிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதாக ஒரு தனியார் கார் பார்க்கில் ஒரு இடம் கிடைத்தபோது கோயில் வாசலில் செருப்பு விட இடம் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

மெஷினில் காசு போடும் துளை மேல் ஒரு வெள்ளைத் தாள். வேலை செய்யவில்லை, பக்கத்திலுள்ள கோடை ஸ்கேன் செய்து கட்டவும் என்று பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தது. மழைத் தூறலில் தாளின் ஓரம் ஊறிப் போயிருந்தது. பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஸ்டிக்கர், நடுவில் க்யூஆர் கோடு, மேலே நமக்கெல்லாம் தெரிந்த ஒரு பார்க்கிங் ஆப்பின் நிறத்திலேயே பட்டை. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அந்தத் தாளையும் அவர்களே ஒட்டியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை.

ஸ்கேன் பண்ணினேன். பக்கம் அழகாகத் திறந்தது. வண்டி எண், எத்தனை மணி நேரம், போன் நம்பர், மெயில், அப்புறம் கார்டு எண், பின்னாலிருக்கும் மூன்று இலக்கம். பேங்க் ஆப்பில் "நீங்கள்தானா?" என்று கேட்டு ஒரு அறிவிப்பு வந்தது. குடை ஒரு கையில், போன் ஒரு கையில், கட்டை விரலால் அழுத்திவிட்டேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், ஆனால் அந்த அவசரத்தில் கட்டை விரல் மட்டும் எங்கே நுழையக் கூடாதோ அங்கே சரியாக நுழைந்தது. அந்த அறிவிப்பில் தொகை பவுண்டில் இல்லை, யூரோவில் இருந்தது. சாலிஸ்பரி கார் பார்க்குக்கு எதற்கு 49 யூரோ? படித்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். படிக்கவில்லை.

அதோடு விட்டார்களா? பக்கம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, கட்டணம் ஏற்கப்படவில்லை, வேறு கார்டு முயற்சி செய்யவும் என்றது. மணி 10:58. அப்பா உடனே பர்ஸைத் திறந்து, திருச்சியில் பணம் போட்டு எடுத்து வந்த ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினார். மகள் மூன்று வாரமாகத் தன்னை ஒரு பைசா செலவு பண்ண விடவில்லை என்று அவருக்கு ஒரு குறை, பார்க்கிங்காவது நான் கட்டுகிறேனே என்ற பெருமை. வாங்கி அதையும் தட்டினேன். ஓடிபி எதுவும் கேட்கவில்லை. இந்தியக் கார்டுகளை வெளிநாட்டுத் தளங்களில் போடும்போது பல நேரம் ஓடிபி இல்லாமலே போய்விடும், அது எனக்குத் தெரிந்ததுதான், அதனால் அதிலும் சந்தேகம் வரவில்லை. பச்சை டிக் வந்தது, நன்றி என்றது, நான்கு மணி நேரம் என்றது. ஓடினோம்.

ஊரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 123 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான தேவாலயக் கோபுரம். 2018இல் அந்த ஊரில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருவர் மேல் நடந்த நச்சுத் தாக்குதலுக்குப் பிறகு, சந்தேகத்துக்குள்ளான இரண்டு ரஷ்யர்கள் டிவியில் வந்து "123 மீட்டர் கோபுரத்தைப் பார்க்கத்தான் போனோம்" என்றார்களே, அதே கோபுரம்தான். அவர்கள் சொன்னதில் அந்த எண் மட்டும் சரி. 1220இல் அடிக்கல் போட்டு, 1258க்குள் பெரும்பகுதியைக் கட்டி முடித்திருக்கிறார்கள். கோபுரம் அப்புறம் மேலே ஏற்றியது. அந்தக் கனம் தாங்காமல் நடுவிலிருக்கும் கல்தூண்கள் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அஸ்திவாரமோ நாலடி ஆழம்தான், அடியில் ஈரச் சரளை. தண்ணீர் மட்டம் இறங்கிவிடக் கூடாதாம், தரையில் ஒரு கல்லைத் தூக்கி உள்ளே குச்சி விட்டு அளந்து பார்க்கிறார்கள். அப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் குச்சியைப் பார்த்ததும் அவருக்கு அங்கே வைத்திருக்கும் மாக்னா கார்ட்டா என்ற பழைய உரிமைச் சாசனமெல்லாம் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

மேலே ஏறினால் கோபுரத்துக்குள் அந்தக் காலத்து மரச் சாரம் இன்னும் அப்படியே நிற்கிறது. கட்டியவர்கள் பிரிக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளி மாடத்தில் நின்று அப்பா "நம்ம கார் தெரியுதா பாரு" என்று கீழே தேடினார். போன் சைலண்டில் பைக்குள். கணக்குப் போட்டுப் பார்த்தால், நாங்கள் படியேறிக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவருடைய கார்டிலிருந்து மூன்று முறை பணம் போயிருக்கிறது. மொத்தம் 214 பவுண்டு, அன்றைய கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். அவர் இந்திய சிம்மில் ரோமிங் போடவில்லை, அதனால் எச்சரிக்கை எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை. இறங்கி வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு, 1386இல் செய்த அந்த முள்ளே இல்லாத கடிகாரத்தைப் பார்த்து (மணி மட்டும் அடிக்கும், முகப்பே கிடையாது), புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டு, மூன்று மணிக்குத் திரும்பினோம். கார் கண்ணாடியில் எந்தச் சீட்டும் இல்லை. நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

வீட்டு வைஃபை கிடைத்ததும் அப்பா போனில் மெயில்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் அதை என்னிடம் காட்டவில்லை. அரை மணி நேரம் தானே கண்ணாடியைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பார்க்கிங் இவ்வளவு ஆகுமா இந்த ஊர்ல?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவ்வளவு ஆகும் போலிருக்கிறது என்று நம்பிக்கொள்ளத் தயாராக இருந்திருக்கிறார்.

அன்று அவர் எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். காரை விட்டு இறங்கிய உடனே அந்தப் பலகைக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி ஒன்று எடுத்திருந்தார், பட்டுப் புடவை மேல் என் பஃபர் ஜாக்கெட். அம்மாவின் தோளுக்கு மேல் அந்த ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிகிறது. சற்றே சாய்ந்திருக்கிறது. பலகை மங்கல், அது பளபளப்பு. கீழ் வலது மூலை நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடியில் பழைய எழுத்தின் வால் எட்டிப் பார்க்கிறது. உண்மையான பலகையில் அந்த இடத்தில் க்யூஆர் கோடே கிடையாது, ஆப்பின் பெயரும் இடத்தின் எண்ணும் மட்டும்தான். நகத்தை வைத்து நெருடியிருந்தால் கையோடு வந்திருக்கும்.

என் பேங்க் கார்டை முடக்கிவிட்டு, இத்தோடு தலைவலி விட்டது என்று இருந்தேன். இல்லை. இதை எழுத முக்கியக் காரணமே இனிமேல் வருவதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு போன். பேங்கின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம் என்று ஒரு பெண், அவ்வளவு தன்மையான குரல். சனிக்கிழமை சாலிஸ்பரியில் பார்க்கிங் கட்டினீர்களா, உங்கள் கார்டின் கடைசி நான்கு எண் இதுதானே, வண்டி எண் இதுதானே. எல்லாம் சரி. சரியாக இருக்காதா, நானே அல்லவா தட்டிக் கொடுத்திருக்கிறேன்! ஆனால் அந்த நேரத்தில் "அப்பாடா, பேங்கே கண்டுபிடித்துவிட்டது" என்றுதான் மனசு போனது. உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது, பணத்தை ஒரு பாதுகாப்பான கணக்குக்கு மாற்றித் தருகிறோம், பேங்க் ஊழியர் ஒருவர் மேலேயே விசாரணை நடக்கிறது, அதனால் கிளையில் யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் ஆப்பைத் திறந்துவிட்டேன். உண்மையிலேயே திறந்துவிட்டேன். "வேறு எந்த பேங்கில் சேமிப்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் ஏதோ தட்டியது. என் பேங்குக்கு எதற்கு அடுத்த பேங்க் கணக்கு? சமையலறையிலிருந்து அம்மா வேறு "யாருடி அது இவ்வளவு நேரம்?" என்றாள். வைத்துவிட்டேன்.

வைத்ததும் 159க்கு அடித்தேன். இந்த எண் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை, பிரிட்டனில் பெரும்பாலான பேங்குகளுக்கு இதன் வழியாகப் போகலாம், 159 அடித்தால் உங்கள் பேங்கைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். நம்மை அழைத்தவனை நம்பாமல் நாமே திருப்பி அழைக்க இதுதான் வழி. அங்கே இருந்தவர், எங்களிடமிருந்து யாரும் உங்களை அழைக்கவில்லை, பாதுகாப்பான கணக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார். ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் 49 யூரோவுக்காக ஒட்டுவதில்லை போலிருக்கிறது. நம் பெயர், போன், கார்டு, எங்கே எப்போது நின்றோம் என்ற விவரம், இவ்வளவையும் வாங்கிக்கொண்டு மூன்று நாள் பொறுத்து வருகிறான். கார் பார்க் அவனுக்குத் தூண்டில் புழு மட்டும்தான்.

பன்னிரண்டாம் நாள் தபாலில் இன்னொன்று வந்தது. கார் பார்க் நடத்தும் கம்பெனியிடமிருந்து பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். நீங்கள் பணம் கட்டவே இல்லை, 100 பவுண்டு, 14 நாளில் கட்டினால் 60. உள்ளே போனதும் வெளியே வந்ததும் நம்பர் பிளேட் கேமராவில் பதிவாகியிருந்தது. கண்ணாடியில் சீட்டு இல்லையே என்று நிம்மதியானேன் பாருங்கள், இப்போதெல்லாம் சீட்டு ஒட்ட ஆளே வருவதில்லை, கேமராதான். அம்மா நிற்கும் போட்டோவை இணைத்து மேல்முறையீடு செய்தேன். பதில்: பலகைகள் தெளிவாக உள்ளன, சரியான வழியில் கட்டுவது ஓட்டுநரின் பொறுப்பு. அவர்கள் பலகை, அவர்கள் மெஷின், அதில் எத்தனை நாளாக அந்த ஸ்டிக்கர் இருந்ததோ, அதற்குப் பொறுப்பு நான்! எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். அடுத்தபடியாக பாப்லா என்ற சுயாதீன அமைப்புக்கு இலவசமாகப் போகலாம், ஆனால் போனால் 60 என்ற சலுகை போய்விடும், தோற்றால் 100. வீட்டுக்காரர் போராடு என்றார். எனக்கு அந்தச் சமயத்தில் தெம்பில்லை, 60ஐ விட்டெறிந்தேன். போராடியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். உங்களுக்கு வந்தால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் போட்டோ, பேங்க் கடிதம், புகார் எண் மூன்றையும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்.

சாலிஸ்பரிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். காரை ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள். ஊரைச் சுற்றி ஐந்து இடத்தில் பார்க் அண்ட் ரைடு இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு பஸ் பிடிக்கலாம். ரயில் என்றால் லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஒன்றரை மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து தேவாலயம் நடக்கிற தூரம். காரில்தான் போக வேண்டும் என்றால் பார்க்கிங் ஆப்பை வீட்டிலிருந்தே ஆப் ஸ்டோரில் இறக்கிக் கார்டைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய்ப் பலகையிலிருக்கும் எண்ணை மட்டும் தட்டினால் போதும். பல கவுன்சில்கள் தங்கள் கார் பார்க்குகளில் க்யூஆர் கோடே வைப்பதில்லை என்று அறிவித்திருக்கின்றன, அப்படியும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். சில்லறை கொஞ்சம் காரில் இருக்கட்டும். அப்பா அம்மா கார்டுகளில் ஆன்லைன் பயன்பாட்டை பேங்க் ஆப்பிலேயே அணைத்து வைக்க முடியும், விமானம் ஏறுமுன்பே அதைச் செய்யச் சொல்லுங்கள். இதை நான் ஐந்து வருஷமாகச் செய்யாமல் இருந்தேன்.

என் 49 யூரோ ஆறு வாரத்தில் திரும்பி வந்தது. நானே அழுத்தி ஒப்புதல் கொடுத்ததால் அதற்கே ஏகப்பட்ட கேள்வி. அப்பாவுக்காகத் தம்பி திருச்சியிலிருந்து 1930க்கு (நம் ஊர் சைபர் மோசடிப் புகார் எண்) போன் செய்து புகார் கொடுத்து, பேங்குக்கு இரண்டு முறை நேரில் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்திருக்கிறான். முதல் முறை கொடுத்ததைத் தொலைத்துவிட்டார்கள். 214 பவுண்டில் இதுவரை ஒரு பகுதி, 89 பவுண்டு மட்டும் வந்திருக்கிறது. மிச்சத்துக்கு "விசாரணையில் உள்ளது" என்று மாதம் ஒரு மெயில் வருகிறது. அப்பா ஒவ்வொன்றையும் எனக்கு ஃபார்வர்டு செய்கிறார், கூடவே கோபுரத்து மாடத்தில் எடுத்த போட்டோவில் ஒன்றும்.