பேக்கேஜ் தாய்க்கு மட்டும்தான்: தனியார் மருத்துவமனையில் பிரசவம் பேசி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வந்து வைத்திருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று நம் பக்கத்து ஊர்களில் ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனையில் ‘பேக்கேஜ்’ பேசி வைத்திருப்பவர்கள் முழுதாகப் படித்துவிடுங்கள். அந்தப் பேக்கேஜ் தாய்க்கு மட்டும்தான். பிறந்த குழந்தையைக் கண்ணாடி அறைக்குள் தூக்கிக்கொண்டு போன நிமிடத்திலிருந்து அது தனி நோயாளி. அதற்குத் தனி நம்பர், தனி பில். எங்கள் வீட்டில் பேசிய தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது அந்த இடத்தில்தான். பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

நாங்கள் நன்னிலம் பக்கத்துக் கிராமம். மாசம் ஆனதிலிருந்து தங்கையை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் காட்டி வந்தோம். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்) வாங்கியது, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் அங்கேதான். பிரசவத்தையும் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம் என்று கிராம சுகாதார நர்ஸம்மா சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் தனி ரூம் வேண்டும் என்றார்கள், அம்மாவுக்கும் பெண்ணோடு கூடவே இருக்க ஆசை. உறவுக்காரர் ஒருவர் ஒரு மருத்துவமனையைச் சொன்னார். சரி என்று அப்பாவும் நானும் போய்ப் பேசினோம்.

வரவேற்பில் இருந்த பெண் ஸ்கேன் கவரின் பின்பக்கம் பேனாவால் எழுதியே கொடுத்தார். “நார்மல்னா 45, சிசேரியன்னா 85 மேடம். ரூமு, மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாம் இதுக்குள்ள வந்துடும்.” அப்பா நெல் வியாபாரிகளோடு பேரம் பேசிப் பழகியவர். அவர் விடாமல், “பிள்ளைக்கு எவ்வளவும்மா?” என்று கேட்டார். “பிள்ளைக்கு என்னங்கய்யா தனியா, அம்மாகூடத்தான இருக்கப் போவுது” என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தது. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் இதையே சொல்வார்கள்.

வலி எடுத்துப் போனோம். தண்ணீர் குறைந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்றார்கள். அது தேவையா இல்லையா என்று நான் இப்போது வாதாட வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். பெண் குழந்தை, 2.9 கிலோ, பிறந்தவுடன் நன்றாக அழுதது. அன்றே சீம்பாலும் குடித்தது.

மறுநாள் சாயங்காலம் நர்ஸ் ஒருவர் வந்து குழந்தையின் மூக்கை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “லேசா மஞ்சள் தெரியுது, லைட்ல வைக்கணும்” என்று துணியோடு சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். தங்கை தையல் வலியோடு எழுந்து உட்காருவதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. பின்னாலேயே ஓடினேன். ஒரு ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். “டெஸ்ட் எடுத்தீங்களா சிஸ்டர், அளவு எவ்வளவு?” என்று கேட்டேன். “அதெல்லாம் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்வார்” என்று பதில். டாக்டர் வந்தார், போனார். “இன்னும் ரெண்டு நாள் அப்சர்வேஷன்ல இருக்கட்டும்” என்பது மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்த விளக்கம்.

பார்க்க விடும் நேரம் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். அதுவும் ஒருவர் மட்டும், கண்ணாடிக்கு வெளியிலிருந்து. நீல விளக்குக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். சிகிச்சை நடந்தால் குழந்தையின் கண்ணைத் துணியால் மூடியிருப்பார்கள். நான் பார்த்த ஒவ்வொரு தடவையும் கண்ணில் துணி இல்லை, விளக்கும் எரியவில்லை. பில்லில் ‘போட்டோதெரபி, டபுள் சர்ஃபேஸ்’ என்று, அதாவது மேலும் கீழும் விளக்கு வைத்துச் சிகிச்சை கொடுத்ததாக, மணிக்கணக்கு இடைவெளியே இல்லாமல் ஓடியிருந்தது.

இதற்கு நடுவில் பால். தங்கை மூன்றாவது மாடி, குழந்தை கீழ்த்தளம். கொண்டு வந்து பால் கொடுக்கவும் விடவில்லை, தங்கையை வீல்சேரில் கீழே அழைத்துப் போகவும் விடவில்லை. “இன்ஃபெக்ஷன் ஆயிடும்” என்றார்கள். பாலைப் பீய்ச்சிக் கொடுக்கிறோம் என்றோம், அதற்கும் பதில் இல்லை. கீழே மருந்துக்கடையில் ஒரு பவுடர் டப்பா வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். அது தீர்வதற்குள் இன்னொன்று. மேலே இவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல் மாதிரி ஆகி, காய்ச்சல் வந்துவிட்டது. “அக்கா, அது பசிச்சு அழுவுதாக்கா? நீ பார்த்தியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “பயப்படாதம்மா. பாதிப் பிள்ளைக்கு மேல முதல் வாரத்துல மஞ்சள் வரும். பிலிரூபின் அளவு எவ்வளவு, எத்தனாவது மணி நேரத்துல எடுத்த ரத்தம், இது ரெண்டையும் காகிதத்துல கேளு. அதை வச்சுத்தான் லைட்டு வேணுமா வேணாமான்னு பார்ப்பாங்க.” பிலிரூபின் என்பது ரத்தத்தில் சேர்ந்து மஞ்சளை உண்டாக்கும் பொருள். விளக்குச் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள், அதையும் அவரே அழுத்திச் சொன்னார். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் வந்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அளவு மிகவும் ஏறினால் மூளையைப் பாதிக்கும். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்துக்கொள்வதும் ஆபத்து. சிகிச்சையை மறுக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அளவைக் கேளுங்கள் என்கிறேன்.

லேப் சீட்டைக் கடைசியில் பில்லோடுதான் பார்த்தோம். பிறகு அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். நிறைமாதத்தில் பிறந்து பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு, அந்த வயதில், அந்த அளவுக்கு விளக்கே வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து மறுநாள் திரும்பப் பார்த்திருந்தாலே போதும் என்றார்.

இனி பில். நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவள். ரசீதைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை கூட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. தங்கைக்கு 85,000, அதற்குமேல் ‘பேக்கேஜில் சேராதவை’ என்று 9,600. குழந்தைக்கு 71,300. மொத்தத் தொகை மட்டும் போட்ட ஒற்றைத் தாளைத்தான் முதலில் கொடுத்தார்கள். வரிவாரியாக வேண்டும் என்று கவுன்டரிலேயே நின்றபிறகு பிரிண்ட் எடுத்தார்கள். வைட்டமின் கே என்பது பிறந்த உடனே குழந்தைக்கு ஒரே ஒரு தடவை போடும் ஊசி. அது இரண்டு தேதிகளில் இருந்தது. நர்சிங் சார்ஜ் தாய்க்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. குழந்தைக்குத் தனியாக ரூம் வாடகை. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ‘ஆன்டி-டி’ ஊசி, 3,200 ரூபாய். அது ரத்த வகை நெகட்டிவாக உள்ள தாய்க்கு, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் போடுவது. என் தங்கை பி பாசிட்டிவ். சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அட்டையைப் பிரித்துக் கவுன்டரில் வைத்தேன். “கம்ப்யூட்டர் மிஸ்டேக் மேடம்” என்று அடித்துக் கொடுத்தார்கள். போடாத ஊசியைக் கம்ப்யூட்டர் தானாக எழுதாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் இதே கவுன்டரில் பணத்தைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இப்படிச் சண்டை போட்டுக் குறைந்தது சுமார் பதினோராயிரம். மீதியைக் கட்டினால்தான் குழந்தையை வெளியே கொடுப்போம் என்றார்கள். கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பணம் முழுவதும் போய், அம்மாவின் வளையலும் அடகுக்குப் போனது. பணத்துக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் தெளிவாக இருக்கிறது. கட்டண விவரத்தை முன்கூட்டித் தெரிந்துகொள்வதும், மருந்தை நமக்கு வேண்டிய கடையில் வாங்குவதும்கூட அதில் உள்ள உரிமைகள்தான். ஆனால் பிள்ளை அவர்கள் கையில் இருக்கும்போது யாரால் சட்டம் பேச முடியும்? மாப்பிள்ளை கோபத்தில் குரல் உயர்த்தினார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “முதல்ல பிள்ளையை வாங்குவோம் மாப்பிள்ளை” என்றார்.

வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தோம். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன பெரிய நஷ்டம் தெரிந்தது. குழந்தை மார்பில் வாய் வைக்க மறுத்தது. பாட்டிலில் தானாகச் சொட்டும் பாலுக்குப் பழகிவிட்டதால், சப்பிக் குடிக்கப் பொறுமை இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. அம்மா பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார். பால் சுரக்கிறது, பிள்ளை குடிக்கவில்லை. தங்கை தனக்குத்தான் ஏதோ குறை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நர்ஸம்மா தினமும் வந்தார். பாட்டிலை அடியோடு நிறுத்தச் சொன்னார். பீய்ச்சிய பாலைப் பாலாடைச் சங்கில் கொடுத்து, சட்டை இல்லாமல் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்தபடி வைக்கச் சொன்னார். குழந்தை பசித்து அழும் முன்பே, வாயைத் திறந்து தேடும்போதே மார்பில் போடச் சொன்னார். ஒரு நாள் விடியற்காலையில் அதுவாகவே பிடித்துக் குடித்தது. பவுடர் டப்பா அத்தோடு போயிற்று. 1992-லேயே குழந்தைப் பால் மாற்றுப் பொருட்களுக்கென்று சட்டம் வந்து, 2003-இல் அதை இறுக்கியும் இருக்கிறார்கள். விளம்பரம் கூடாது, தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் கூடாது, டப்பாவில் குழந்தை படம்கூடப் போடக் கூடாது. அப்படிப்பட்ட பொருளை, பால் சுரக்கும் தாய் மாடியில் இருக்கும்போது, சீட்டு எழுதி வாங்க வைத்தார்கள்.

பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று தனியாக 2,500 கேட்டார்கள், ரசீது கிடையாது. இதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் பிறந்தால் பதிவுக்குத் தகவல் அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. 21 நாளுக்குள் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பெயர் வைக்காமலே பதியலாம், ஒரு வருடத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம். பதிவு நம் கிராமத்தில் நடக்காது, பிறந்த ஊரில்தான். பிக்மி எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். சான்றிதழை ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம்.

புகார் கொடுத்திருக்கிறோம். தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவு வழங்குவதும் கண்காணிப்பதும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். அங்கே எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். கேஸ் ஷீட் நகல் கேட்டு மருத்துவமனைக்கும் பதிவுத்தபால் அனுப்பினோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதி. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பணம் கட்டிப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்னும் நாள் இருப்பவர்கள் முதலில் அரசு மருத்துவமனையை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். பிரசவம், சிசேரியன், ரத்தம், மருந்து, சாப்பாடு, குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அதன் சிகிச்சை, வீடு திரும்ப 102 வண்டி, எல்லாமே அங்கே இலவசம். தஞ்சாவூரில் இராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது, திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார்தான் என்று முடிவு செய்தால், ‘குழந்தைக்கான செலவும் பேக்கேஜில் அடங்குமா, அடங்காவிட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு’ என்பதை லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். குழந்தையை எடுத்துப் போகிறோம் என்றால் அளவு எழுதிய லேப் சீட்டைக் கேட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் அன்று டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மூன்றுக்கும் தேதி இருக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்ததில் ஹெபடைடிஸ் பி வரி காலியாக இருந்தது. பில்லில் மட்டும் பணம் வாங்கியிருந்தார்கள். போட்டார்களா இல்லையா என்று கேட்டு நர்ஸம்மா இரண்டு தடவை அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.