பழுது கண்ட்ரோலரிலா, கட்டைவிரலிலா?

வீடியோ கேம் கண்ட்ரோலரின் இடப்பக்க ஸ்டிக்கை மாற்றுவதற்காகச் சென்ற மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய், 45 ரிங்கிட் கொடுத்துவிட்டு வந்தேன். அதே வாரத்தில், எங்கள் தாமானில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர், 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' என்ற சண்டை ஆட்டத்தை ஆடுவதற்காகவே ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவி வாங்கலாமா என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக அதை ஆடிவருபவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அதில் அடியைத் தடுக்கும் கேடயத்தைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

முழுக் கேடயத்தின் வலிமை 50. பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றால், எவரும் அடிக்காமலேயே அது ஏறத்தாழ ஐந்தரை வினாடியில் கரைந்து உடைந்துவிடும். மீண்டும் நிரம்பப் பத்து வினாடிக்கு மேல் ஆகும். கரையக் கரையக் கேடயம் சிறுத்துக்கொண்டே வருவதால், நான் ஆடும் பாத்திரமான டாங்கி காங்கைப் போன்ற பெரிய உடம்புக்காரனுக்குத் தலையும் காலும் வெளியே நீட்டிக்கொள்ளும். என் அக்காள் மகன் ஆடுவது மார்த் என்ற வாள்வீரன். வலுவை முழுவதும் ஏற்றிய ஒரே குத்தில் முழுக் கேடயத்தையும் உடைத்து என்னைத் தலைசுற்ற வைத்துவிட்டு, "மாமா, ஒளிஞ்சிக்கிட்டே இருந்தா எப்படி?" என்று கேட்பான்.

ஆனால் இதே கேடயத்தில்தான் இந்த ஆட்டத்தின் ஆகச் சிறந்த நுணுக்கமும் இருக்கிறது. இதே வரிசையில் 2001-இல் வந்த 'மெலீ'யில், கச்சிதமாகத் தடுக்க அடி வரும் கணத்தில் பொத்தானை அழுத்தவேண்டும். 2018 டிசம்பரில் வெளிவந்த அல்டிமேட் அதைத் தலைகீழாக்கி, பொத்தானை விட்டதும் வரும் 5 பிரேமுக்குள் அடி விழுந்தால்தான் கச்சிதமான தடுப்பு என்று வைத்தது. வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் ஆட்டத்தில் இது ஒரு வினாடியின் பன்னிரண்டில் ஒரு பங்கு. கேடயம் இறங்க மொத்தம் 11 பிரேம் பிடிப்பதால், அந்த ஐந்தைத் தவறவிட்டவன் மிச்ச நேரத்தில் வெறும் உடம்போடு நிற்கவேண்டியதுதான். பயத்தில் இறுகிய விரலை, அடி வந்துகொண்டிருக்கும்போதே தளர்த்தச் சொல்கிறார்கள். எனக்கு அது கைகூட இரண்டு ஆண்டுகளாயின. கைகூடிய அன்று திரை ஒரு கணம் உறைந்து நின்றதை இன்னும் மறக்கவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். கேடயத்தைச் சாய்ப்பதும், உருண்டு விலகுவதும், நின்ற இடத்திலேயே ஒதுங்குவதும் அந்த ஒரே ஸ்டிக்கில்தான். மெல்லத் தள்ளினால் கேடயம் சாய்ந்து காலைக் காக்கும். சற்று வெடுக்கெனத் தள்ளினால் உருண்டுபோய் எதிராளியின் காலடியில் விழவேண்டும். இரண்டு கேடயப் பொத்தான்களையும் சேர்த்துப் பிடித்தால் உருளாமல் சாய்க்கலாம் என்பது உண்மை. அடுத்தடுத்து அடி விழும்போது அந்த இரண்டாவது விரல் எங்கிருந்து வரும்? என் ஸ்டிக் தேய்ந்து தானாகவே இடப்பக்கம் இழுத்ததால், நான் உருண்ட ஒவ்வொரு முறைக்கும் அதன்மேலேயே பழி போட்டு, அதைத் தயாரித்தவர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். புதிய ஸ்டிக் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே மூன்று முறை உருண்டேன். அக்காள் மகன் என் கையைக் கவனித்துப் பார்த்துவிட்டு, அடி வரும்போதெல்லாம் என் கட்டைவிரல் பின்னால் ஓடுகிறது என்றான்.

தேய்மானம் உண்மைதான், 45 ரிங்கிட் வீண் என்று சொல்லமாட்டேன். ஆயினும், தற்காப்புக்கு இவ்வளவு நுட்பமான வாய்ப்பைத் தந்தவர்கள், நடுங்கும் விரலுக்கென்று ஒரு தனிப் பொத்தானையும் தந்திருக்கலாம். இணையத்தில் ஆடும்போது வரும் தாமதத்தில் அந்த 5 பிரேமும் வெறும் ஊகமாகிவிடுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஸ்விட்ச் வாங்கவேண்டாம் என்றுதான் அந்த இளைஞரிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை இரவு ஒருமுறை ஆடிப் பார்க்க வருகிறாராம். இரண்டாவது கண்ட்ரோலரையும் மின்னேற்றத்தில் போட்டுவைத்திருக்கிறேன்.